உங்களுக்குத் தெரியுமா? ஓர் எழுத்து அடித்தால் பதில் சொல்லும் ரிக்

முன்பக்கம் முழுக்கக் குமிழும் பொத்தானும் திரையுமாக இருக்கும் ஒரு ரிக்கை (ஹாம் வானொலிக்காரர்கள் தங்கள் டிரான்ஸீவரை அப்படித்தான் சொல்வார்கள்) அதன்மேல் ஒரு விரல்கூடப் படாமல் இயக்கலாம். பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள், கணினியில் கருப்பாக ஒரு டெர்மினல், அவ்வளவுதான் தேவை. அந்தக் கேபிளில் என்ன ஓடுகிறது, எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்பதுதான் இந்த முறைத் துணுக்குகள்.

*

லினக்ஸ் டெர்மினலில் ‘ரிக்சிடிஎல்’ என்ற நிரலைத் திறந்து, சின்ன எஃப் எழுத்தை அடித்து என்டர் தட்டினால் 14074000 என்பது போல ஓர் எண் வரும். புள்ளி, கமா, அலகு எதுவும் இருக்காது. ரிக் அந்த நேரத்தில் நிற்கும் அலைவரிசை அது, ஹெர்ட்ஸ் கணக்கில். 14.074 மெகாஹெர்ட்ஸ் என்று நாம்தான் பிரித்துப் படித்துக்கொள்ள வேண்டும். பெரிய எஃப் அடித்துப் பக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுத்தால் ரிக் அந்த அலைவரிசைக்குத் தாவும்.

சின்ன எழுத்து கேட்கும், பெரிய எழுத்து மாற்றும். எம் என்றால் மோட். வி என்றால் எந்த விஎஃப்ஓ, அதாவது ரிக் வைத்திருக்கும் அலைவரிசை அமைப்புகளில் எது என்பது. டி என்றால் டிரான்ஸ்மிட். சின்ன டி அடித்தால் 0 அல்லது 1 என்று பதில் வரும். பெரிய டி அடித்துப் பக்கத்தில் 1 போட்டால் ரிக் டிரான்ஸ்மிட் செய்யவே தொடங்கிவிடும். ஷிஃப்ட் விசைக்கு இவ்வளவு அதிகாரம் வேறெங்கும் பார்க்க முடியாது.

*

ரிக்சிடிஎல்லுக்கு அடியில் வேலை செய்வது ‘ஹாம்லிப்’ என்ற நிரல் நூலகம். ஃபிராங்க் சிங்கிள்டன், ஸ்டெஃபான் ஃபிலோட் என்ற இரண்டு ஹாம்கள் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய திறமூல வேலை அது. இன்று 200-க்கும் மேற்பட்ட ரிக் மாடல்களோடு அதற்குப் பேசத் தெரியும். எழுதியிருப்பது சி மொழியில். பைதான், பெர்ல் போன்றவற்றிலிருந்தும் கூப்பிடலாம். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைப் பயன்படுத்துகிறவர்கள் அனைவரும் அறிந்த டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலுக்குள் இருப்பதும் இதே நூலகம்தான். ஹாம்லிப் என்ற பெயரையே கேள்விப்படாமல் தினமும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம்.

*

‘14.074 மெகாஹெர்ட்ஸுக்குப் போ’ என்ற ஒரே செய்தியை மூன்று ஜப்பானிய நிறுவனங்களின் ரிக்குகளிடம் சொல்ல மூன்று மொழி வேண்டும்.

கென்வுட்டிடம் எஃப்ஏ என்ற இரண்டு எழுத்து, அதையடுத்து 11 இலக்கத்தில் 00014074000, முடிவில் ஓர் அரைப்புள்ளி. மனிதக் கண்ணாலேயே படித்துவிடலாம். ரிக்குக்குப் புரியவில்லை என்றால் ஒரு கேள்விக்குறியும் அரைப்புள்ளியும் திரும்பி வரும். இதைவிட நேர்மையான பதில் எந்தக் கருவியிலும் கிடையாது என்பேன்.

யாயேசுவின் எஃப்டி-817 ரிக்குக்கு ஐந்தே பைட்: 01 40 74 00 01. முதல் நான்கும் அலைவரிசை, 10 ஹெர்ட்ஸ் அலகில். கடைசியில் நிற்கும் 01தான் கட்டளை. என்ன எண் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறது. வினைமுற்றை வாக்கியத்தின் முடிவில் வைக்கும் நமக்கு இது புதிதல்ல.

ஐகாமின் சிஐ-வி முறைதான் கொஞ்சம் தலையைச் சுற்ற வைக்கும். ஐசி-7300 ரிக்குக்கு அனுப்ப வேண்டியது: எஃப்இ எஃப்இ 94 இ0 05 00 40 07 14 00, பிறகு முடிந்தது என்று சொல்ல இன்னொரு பைட். முதல் இரண்டு எஃப்இ-யும் கவனத்தைத் திருப்ப. 94 என்பது ரிக்கின் முகவரி, இ0 என்பது கணினியின் முகவரி, 05 என்பது அலைவரிசையை மாற்றும் கட்டளை. மீதி ஐந்து பைட்டும் அலைவரிசை, ஆனால் வால் முன்னே, தலை பின்னே. வலமிருந்து இடமாக இரண்டிரண்டு இலக்கமாகப் படித்தால் 0014074000 கிடைக்கும்.

இந்த மூன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் நமக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் ஹாம்லிப். பெரிய எஃப் ஒன்றுதான் நாம் அடிப்பது. மாற்றிச் சொல்வது அதன் பாடு.

*

ஐகாமின் சிஐ-வி முறையில் போவதற்கும் வருவதற்கும் ஒரே கம்பிதான். அதனால் கணினி தான் அனுப்பியதைத் தானே திரும்பக் கேட்கும். பதில் எது, எதிரொலி எது என்று பிரித்து எறிவது நிரலின் வேலை. ஒரே கம்பியில் பல ரிக்குகளைக் கோத்து, ஒவ்வொன்றையும் அதனதன் முகவரி சொல்லிக் கூப்பிடலாம் என்பது அதே கம்பியால் வரும் லாபம். ரிக்கின் குமிழை யாராவது கையால் திருகினால் போதும், கேட்காமலேயே புது அலைவரிசையைக் கம்பியில் எல்லோருக்குமாக அறிவிக்கும் வசதியும் உண்டு.

*

அணைந்து கிடக்கும் ஐசி-7300 ரிக்கைக் கணினியிலிருந்தே எழுப்பலாம். ஆனால் எழுப்பும் கட்டளையைச் சும்மா அனுப்பினால் அதற்குக் காது கேட்காது. தூங்குகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல, முதலில் எஃப்இ என்ற பைட்டை விடாமல் அனுப்ப வேண்டும். எத்தனை முறை என்று கையேட்டிலேயே அட்டவணை இருக்கிறது: இணைப்பின் வேகம் 115200 பாட் என்றால் 150 முறை, 19200 என்றால் 25, 9600 என்றால் 13, 4800 என்றால் 7.

எண்கள் வேறு வேறாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் ரகசியம் புரிந்துவிடும். ஒரு பைட்டுக்கு 10 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 115200 வேகத்தில் 150 பைட் போக எடுக்கும் நேரம் சுமார் 13 மில்லிநொடி. 19200 வேகத்தில் 25 பைட்டுக்கும் அதே 13 மில்லிநொடி. மற்ற இரண்டும் அந்த அளவை ஒட்டியே வரும். ரிக் கண் விழிக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. எஃப்டி-817 மாடலிலும் இதே சங்கதி உண்டு. அங்கே எழுப்பும் கட்டளைக்கு முன்பாக அர்த்தமில்லாத ஐந்து பைட்டை ஒருமுறை அனுப்பினால் போதும்.

*

எஃப்டி-817 மாடலில் கையேட்டில் இல்லாத கட்டளைகளும் உண்டு. ரிக்கின் உள்நினைவகத்தைப் படிக்கவும் மாற்றி எழுதவும் உதவும் அவற்றை ஹாம்கள் தாங்களாகவே கண்டுபிடித்து ஆவணப்படுத்தினார்கள். தப்பான இடத்தில் எழுதினால் தொழிற்சாலையில் ஒவ்வொரு ரிக்குக்கும் தனித்தனியாகச் செய்து வைத்த அளவுத் திருத்தங்கள் போய்விடும். படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

*

ரிக்சிடிஎல்லுக்கு ‘என்னிடம் இருப்பது இந்த மாடல்’ என்று பெயரால் சொல்வதில்லை, எண்ணால் சொல்ல வேண்டும். ஐசி-7300 மாடலுக்கு ஒரு காலத்தில் 373. ஹாம்லிப் 4 வந்தபோது எண் வரிசையே மாறியது, இப்போது 3073. எஃப்டி-817 மாடலுக்கு 120 இருந்தது 1020 ஆனது. ‘யாரோ கொடுத்த கட்டளையை அப்படியே அடித்தேன், வேலை செய்யவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு வியாதி இதுதான். சின்ன எல் விருப்பத்தோடு ரிக்சிடிஎல்லை ஓட்டினால் உங்கள் பதிப்பின் முழுப் பட்டியலும் வரும், அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ரிக்சிடிஎல்லின் நெட்வொர்க் வடிவமான ரிக்சிடிஎல்டி சேவையகம் ஒவ்வொரு மாற்றும் கட்டளைக்கும் ‘ஆர்பிஆர்டி’ என்ற நான்கு எழுத்தும் ஓர் எண்ணுமாகப் பதில் தரும். 0 என்றால் வேலை முடிந்தது. கழித்தல் 5 என்றால் ரிக்கிடமிருந்து பதிலே வரவில்லை: ரிக் அணைந்திருக்கிறது, அல்லது பாட் வேகம் பொருந்தவில்லை, அல்லது கேபிள் தவறான போர்ட்டில் இருக்கிறது. கழித்தல் 9 என்றால் ரிக் கேட்டது, ஆனால் மறுத்துவிட்டது. முதலாவதற்குக் கேபிளைப் பாருங்கள். இரண்டாவதற்குக் கட்டளையைப் பாருங்கள்.

*

ஒரு சீரியல் போர்ட்டை ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பிடித்தால் பதில்கள் ஒன்றுக்கொன்று குழம்பிவிடும். தொடர்புப் பதிவேடு எழுதும் நிரலும் எஃப்டி8 நிரலும் செயற்கைக்கோள் நிரலும் ஒரே ரிக்கைக் கேட்டால் என்ன செய்வது? இதற்காகத்தான் மேலே சொன்ன ரிக்சிடிஎல்டி. போர்ட்டை அது மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்ற நிரல்கள் எல்லாம் நெட்வொர்க் வழியாக அதனிடம் பேசும். வழக்கமான டிசிபி எண் 4532. ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாருக்கு ரோட்சிடிஎல்டி, எண் 4533. பவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஆம்ப்சிடிஎல்டி, எண் 4531.

பேச்செல்லாம் வெறும் எழுத்துதான் என்பதால் நெட்கேட் என்ற சின்னக் கருவியே போதும். சின்ன எஃப் என்ற ஒற்றை எழுத்தை 4532-க்கு அனுப்பினால் அலைவரிசை திரும்பி வரும். நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டை மாற்றி ஒவ்வொன்றிலும் சிக்னல் அளவைக் குறித்து வைக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். அழகான பட்டன்களோடு வரும் எந்த ஜன்னல் நிரலும் அதை எழுதியவர் நினைத்த வேலையைத்தான் செய்யும். நாம் நினைக்கும் வேலைக்கு டெர்மினல்தான்.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. ரிக்சிடிஎல்டி சாதாரணமாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் காது கொடுத்து நிற்கும். உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும் யாரும் பெரிய டி-யையும் 1-ஐயும் அனுப்பலாம் என்று அர்த்தம். ரௌட்டரில் அந்த எண்ணைத் திறந்து வைத்தால் உலகமே அனுப்பலாம். சேவையைத் தொடங்கும்போதே 127.0.0.1 என்ற முகவரியோடு கட்டிப்போட்டுவிட்டு, வெளியிலிருந்து வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச் வழியாக வருவதே முறை. காற்றில் போகும் அழைப்புக்குறி உங்களுடையது. பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

*

கணினியை ஆன் செய்ததும் ரிக் தானாக டிரான்ஸ்மிட்டில் போய் நிற்கும் அதிசயத்தைப் பல ஹாம்கள் பார்த்திருப்பார்கள். பேய் எதுவும் இல்லை. பழைய சீரியல் போர்ட்டில் தகவல் போகும் கம்பிகள் தவிர ஆர்டிஎஸ், டிடிஆர் என்று இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகள் உண்டு. மோடம் காலத்தில் ‘நான் தயார்’ என்று சொல்லப் பயன்பட்டவை. ஹாம்கள் அவற்றில் ஒரு டிரான்சிஸ்டரையோ ஆப்டோகப்ளரையோ மாட்டி, ரிக்கின் பிடிடி-யை, அதாவது மைக்கில் அழுத்திப் பேசும் சுவிட்சை, இயக்கக் கற்றுக்கொண்டார்கள். மலிவான, நம்பகமான வழி. ஆனால் லினக்ஸ் ஒரு சீரியல் போர்ட்டைத் திறந்த கணமே அந்த இரண்டு கம்பிகளையும் உயர்த்திவிடும். திறக்கும் நிரலுக்கு டிரான்ஸ்மிட் செய்யும் எண்ணமே இல்லாவிட்டாலும் ரிக் டிரான்ஸ்மிட் ஆகும்.

ஹாம்லிப்பில் ஆர்டிஎஸ், டிடிஆர் நிலைகளை ‘ஆஃப்’ என்று வைக்க அமைப்பு இருக்கிறது. இருந்தாலும் போர்ட் திறக்கும் அந்தக் கணநேரத் துடிப்பை முழுதாக நம்ப முடியாது. கணினி முழுதாக எழுந்த பிறகு ரிக்கை ஆன் செய்வது பழைய ஆட்களின் வழக்கம். புதிதாக ஒரு ஸ்கிரிப்ட்டைச் சோதிக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றி, 50 ஓம் டம்மி லோடை மாட்டிக்கொள்வது இன்னும் நல்ல வழக்கம்.

இதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. ரிக் 100 வாட்டில் டிரான்ஸ்மிட் செய்யும்போது அந்த ரேடியோ ஆற்றலில் ஒரு பகுதி யுஎஸ்பி கேபிளுக்குள்ளேயே புகுந்துவிடலாம். யுஎஸ்பி இணைப்பு தடுமாறி அறுந்துபோகும். ‘டிரான்ஸ்மிட் செய்’ என்ற கட்டளை ரிக்குக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. ‘நிறுத்து’ என்ற கட்டளை போக வழியில்லை. ரிக் பாட்டுக்கு அலறிக்கொண்டே இருக்கும். யுஎஸ்பி கேபிளின் இரண்டு முனைகளிலும் ஃபெரைட் வளையம் போடுவது இதற்காகத்தான். ஐசி-7300 மெனுவில் சிஐ-வி வழியாக வரும் டிரான்ஸ்மிட்டுக்கென்றே தனியாக ஒரு நேர வரம்பு இருக்கிறது: 3, 5, 10, 20, 30 நிமிடம். ரிக் வாங்கியதும் அதை 3-ல் வையுங்கள். மற்ற மெனுவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*

கேபிளைச் செருகியதும் ரிக்கிடம் முதலில் பேச்சுக் கொடுப்பது ஹாம்லிப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல லினக்ஸ் கணினிகளில் இருக்கும் மோடம்மேனேஜர் என்ற சேவை, புதிதாக வந்த சீரியல் போர்ட்டை மோடம் என்று நினைத்து ‘ஏடி’ கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். கென்வுட் ரிக் என்றால் அதற்கும் கேள்விக்குறியோடுதான் பதில் சொல்லும்.

உபுண்டு 22.04 பதிப்பில் இன்னொரு கூத்து. சிஹெச்340 சிப் உள்ள மலிவான யுஎஸ்பி கேபிள்களைச் செருகினால் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், இது தன்னுடைய பிரெய்ல் கருவி என்று எண்ணிக் கைப்பற்றிக்கொள்வதே காரணம். பலரும் அந்த நிரலை நீக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு. பளபளவென்ற தொடுதிரை ரிக்குகளில் பார்வையற்ற ஹாம்களுக்குத் தடவிப் பார்க்க எதுவுமில்லை. எழுத்தாகக் கேட்டு எழுத்தாகப் பதில் தரும் ரிக்சிடிஎல் திரைவாசிப்பானோடும் பிரெய்ல் திரையோடும் இயல்பாகப் பொருந்துகிறது. கட்டளை வரியால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களின் நிரல்தான் கேபிளைப் பிடுங்கிய குற்றத்துக்கு வெளியேற்றப்பட்டது.

*

போர்ட்டைத் திறக்க ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் ரிக்கைக் குறை சொல்லாதீர்கள். டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனர் பெயர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் ‘யுயுசிபி’ குழுவில்.

*

டிஎஸ்-2000 என்பது கென்வுட் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்த ரிக். தங்களைக் கேட்கும் நிரலிடம் ‘நான் டிஎஸ்-2000’ என்று சொல்லிக்கொள்ளும் நிரல்வழி வானொலிகள் இன்றும் இருக்கின்றன. ‘ஐடி’ என்று கேட்டால் 019 என்று அந்த ரிக்கின் அடையாள எண்ணைத் தரும். எல்லா நிரல்களுக்கும் தெரிந்த மொழி என்பதுதான் காரணம்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி வியு2ஈஎஸ்ஈ) வீட்டிலேயே கட்டக்கூடிய பிட்எக்ஸ் ரிக்கை 2003-ல் வடிவமைத்தார். உலகெங்கும் ஹாம்கள் அதைக் கட்டினார்கள். 2017-ல் அவர் கொண்டுவந்த மைக்ரோபிட்எக்ஸுக்குள் இருப்பது ஓர் ஆர்டுயினோ நானோ. கணினியோடு பேச அது தனியாக ஒரு மொழியை உண்டாக்கவில்லை. எஃப்டி-817 மாடலின் ஐந்து பைட் மொழியையே எடுத்துக்கொண்டது. அதனால் ரிக்சிடிஎல்லில் எஃப்டி-817 மாடலுக்கான எண்ணையே கொடுத்து ஒரு மைக்ரோபிட்எக்ஸை இயக்கலாம். புத்திசாலித்தனமான முடிவு: எஃப்டி-817 தெரிந்த நிரல்களுக்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

*

எஃப்டி8 ஓடும்போது ரிக்கின் திரையில் அலைவரிசை எண் தானாகக் கீழே இறங்கி, சில நொடியில் பழைய இடத்துக்கே திரும்புவதைப் பார்த்து ரிக் கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது வேண்டுமென்றே செய்யப்படும் வேலை.

எஃப்டி8-ஐ 2017-ல் உருவாக்கியவர்கள் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும். டெய்லர் இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். எஃப்டி8-ல் கணினி ஓர் ஒலியை உருவாக்கி ரிக்குக்குக் கொடுக்கும். அந்த ஒலி 600 ஹெர்ட்ஸ் என்றால், ஒலிப் பாதையில் கொஞ்சம் சிதைவு இருந்தாலும் 1200, 1800, 2400 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகள் பிறக்கும். அவையெல்லாம் ரிக்கின் வடிகட்டிக்குள் அடங்கும் என்பதால் சேர்ந்து காற்றில் போய், மற்றவர்களுக்குத் தொல்லை தரும். எனவே நிரல் ரிக்கை 14.074-லிருந்து 14.073 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, ஒலியை 1600 ஹெர்ட்ஸாக உயர்த்தும். காற்றில் போகும் அலைவரிசை அதே 14.0746தான். ஆனால் முதல் மடங்கு 3200 ஹெர்ட்ஸில் விழுகிறது. வடிகட்டி அதை விழுங்கிவிடும். ஒலி எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் நடுவே இருக்கும்படி ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு நடக்கிறது. 12.64 நொடி டிரான்ஸ்மிட் முடிந்ததும் டயல் பழைய இடத்துக்கு வந்துவிடும். கையால் யாரும் இதை 15 நொடிக்கு ஒருமுறை செய்துகொண்டிருக்க முடியாது.

*

ஐசி-7300 ரிக்குக்குள் கடிகாரம் உண்டு. ஆனால் இணையத்திலிருந்து நேரம் எடுக்கத் தெரியாது. சிஐ-வி வழியாக நேரத்தை வைக்கலாம், அதுவும் மணி, நிமிடம் வரைக்கும்தான். நொடியைச் சொல்ல வழியில்லை. ஹாம்கள் எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் என்ன செய்கின்றன தெரியுமா? அடுத்த நிமிடம் பிறக்கும் வரை காத்திருந்து, அந்த நொடியில் கட்டளையை அனுப்புகின்றன.

*

மோர்ஸ் தெரியாதவரும் மோர்ஸ் அனுப்பலாம். ரிக்சிடிஎல்லில் சின்ன பி எழுத்தை அடித்துச் செய்தியைக் கொடுத்தால் ரிக்கே அதைப் புள்ளியும் கோடுமாக மாற்றி அனுப்பும். ஆனால் ஒரே மூச்சில் எவ்வளவு என்பதற்கு வரம்பு உண்டு: ஐசி-7300 மாடலில் 30 எழுத்து, கென்வுட்டின் கேஒய் கட்டளையில் 24 எழுத்து. திரும்பி வரும் பதிலைக் கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் உங்கள் காதின் பொறுப்பு.

*

சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் குரலை அதே எண்ணில் வைத்துக் கேட்டால் துல்லியமாக இருக்காது. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சுமார் 3.3 கிலோஹெர்ட்ஸ் கூடியும், தாண்டிப் போகும்போது அதே அளவு குறைந்தும் வரும். டாப்ளர் விளைவு. 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் சின்னச் செயற்கைக்கோள்களுக்கு இந்த விலகல் 10 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குப் போகும். ஜிப்ரெடிக்ட் என்ற நிரல் பாதையைக் கணக்கிட்டு, 4532-ல் ரிக்குக்கும் 4533-ல் ஆன்டெனா மோட்டாருக்கும் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். குமிழைக் கையால் திருகிக்கொண்டே பேசிய காலத்தில் செயற்கைக்கோள் ஹாம்களுக்கு மூன்று கை தேவைப்பட்டது.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏவிய 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட், இந்தியாவின் முதல் ஹாம் செயற்கைக்கோள். மேலே போக 435 மெகாஹெர்ட்ஸ், கீழே வர 145 மெகாஹெர்ட்ஸ். இரண்டு திசைக்கும் டாப்ளர் வேறு வேறு அளவு, எனவே இரண்டையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். இரண்டு ஆண்டு ஆயுள் என்று திட்டமிட்டது, 2014 வரை உழைத்தது. இதற்கு நேர்மாறானது கியூஓ-100 என்ற ஹாம் செயற்கைக்கோள். 25.9 டிகிரி கிழக்கில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கு வானில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். டாப்ளர் தொல்லை அநேகமாக இல்லை, மோட்டாரும் வேண்டாம்.

*

யாயேசுவின் ஜி-5500 ஆன்டெனா மோட்டார் கிடைமட்டமாக 360 அல்ல, 450 டிகிரி சுற்றும். செயற்கைக்கோள் பாதி வானம் கடந்தபோது மோட்டார் தன் எல்லையில் முட்டி நின்றால், முழுச் சுற்றுத் திரும்பி வருவதற்குள் செயற்கைக்கோள் போய்விடும். அந்தக் கூடுதல் 90 டிகிரி அதற்காக. உயரக் கோணத்திலும் 90-க்குப் பதில் 180 டிகிரி கொடுத்திருப்பது ஆன்டெனாவை மல்லாக்க வைத்து மறுபக்கம் தொடரும் வசதிக்காக.

*

மோட்டாரே இல்லாவிட்டாலும் ரோட்சிடிஎல் பயன்படும். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் ஹாம்கள் பரிமாறிக்கொள்ளும் மெய்டன்ஹெட் கட்டக் குறியைச் சொல்லும். இரண்டு இடங்களுக்கு நடுவே தூரமும் திசையும் சொல்லும். சென்னைக்குக் குறி என்கே03. பக்கத்துக் காஞ்சிபுரத்துக்கு எம்கே92. 80 டிகிரி தீர்க்கரேகை இரண்டுக்கும் நடுவில் போவதால் முதல் எழுத்தே மாறிவிடுகிறது. மதுரை எம்ஜே99, அதற்கு வடக்கே இருக்கும் திண்டுக்கல் எம்கே80. அங்கே இரண்டாவது எழுத்தை மாற்றுவது 10 டிகிரி அட்சரேகை. கோவை எம்கே81. யாழ்ப்பாணம் என்ஜே09, கொழும்பு எம்ஜே96. உங்கள் ஊருக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

*

ரிக்சிடிஎல்லின் மாடல் பட்டியலில் முதல் எண் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. எண் 1 என்பது ‘டம்மி’, இல்லாத ரிக். கேபிள் வேண்டாம், ஆன்டெனா வேண்டாம். அலைவரிசை கேட்டால் 145000000 என்று கூசாமல் சொல்லும். மாற்றினால் மாறும். சிக்னல் அளவைக் கேட்டால் உண்மையான ரிக்கைப் போலவே எண் ஆடிக்கொண்டிருக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் இரைச்சல் கூடும்படிகூட அதை எழுதியவர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டிரான்ஸ்மிட் செய்யச் சொன்னாலும் காற்றில் எதுவும் போகாது என்பதால் உரிமம் இல்லாதவர்களும் தாராளமாகப் பழகலாம். ஸ்கிரிப்ட் எழுதுகிற உரிமக்காரர்களும் முதலில் இதில்தான் சோதிக்க வேண்டும்.

டெபியன் அல்லது உபுண்டுவில் ‘லிப்ஹாம்லிப்-யூடில்ஸ்’ என்ற தொகுப்பை நிறுவி, ரிக்சிடிஎல்லைச் சின்ன எம் விருப்பத்தோடு 1 என்ற எண் கொடுத்துத் திறந்து பாருங்கள். பிடித்துப்போனால் அடுத்த படி நிஜ உரிமம்: நம் நாட்டில் 12 வயது நிரம்பியவர்கள் ஹாம் தேர்வு எழுதலாம், உரிமம் தருவது மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு.